முள்முருங்கைப் பட்டினம்

போத்தனூர் ஜங்ஷனில் காலை வேளையில் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு விதமான குரல்கள் காதில் விழும். ஈரோட்டுப் பக்கமிருந்து வரும் வண்டியில் "டீ, டீ!" என்பார்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் வண்டியில் "சாயா, சாயா!" என்பார்கள். பாத்திரத்தில் இருப்பது ஒரே சரக்குத்தான். ஆனால் அந்த இரண்டு சொற்களில் நமக்குச் சொந்தமானது எது என்று கேட்டால், இரண்டுமே இல்லை! இரண்டும் சீனத்துச் சொற்கள்.

சீன தேசத்தின் பெரும் பகுதியில் தேயிலைக்குச் "சா" என்று பெயர். அது பாரசீகம் போய், அங்கிருந்து திரும்பி வந்து "சாயா" ஆயிற்று. சீனாவின் தென்கிழக்குக் கடற்கரையில், ஃபூஜியன் மாகாணத்துப் பேச்சில் மட்டும் அதற்குத் "தே" என்று பெயர். டச்சுக் கப்பல்காரர்கள் அந்தச் சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். ஆங்கிலேயர் வாயில் அது "டீ" ஆயிற்று. நாம் நல்ல தமிழ் என்று நம்பிச் சொல்லுகிற "தேயிலை", "தேநீர்" இவற்றின் "தே"யும் அதுவேதான்!

அந்தத் "தே" பேசும் கடற்கரையில் ஒரு துறைமுகப் பட்டினம் இருக்கிறது. பெயர் சுவான்ஜோ. காண்டன் என்று நம் பாட்டன்மார் சொன்ன குவாங்ஜோ வேறு, இது வேறு. பெயரைக் கேட்டு ஏமாந்து விடக்கூடாது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு உலகத்திலேயே பெரிய துறைமுகங்களில் ஒன்று என்று இதைச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் அங்கே தமிழர்கள் குடியிருந்தார்கள். சும்மா குடியிருக்கவில்லை, சிவன் கோயில் ஒன்று கட்டி, தமிழிலே கல்வெட்டும் வைத்தார்கள்.

இந்தச் செய்தியை எங்கள் பெரியம்மாவிடம் ஒரு நாள் சொல்லி வைத்தேன். போத்தனூரை விட்டு அதிகம் நகராதவர் அவர். "ஏங் கண்ணு, சீனாக்காரன் ஊர்ல நம்ம சாமி கோயலா? நெசமாவா?" என்று கேட்டார். அவருடைய மகன் சிங்கப்பூரில் உத்தியோகத்தில் இருக்கிறார். பேத்திக்குப் பத்து வயது. பள்ளிக்கூட விடுமுறையில் பேத்தியைப் பார்க்கப் போவது, அப்படியே ஒரு நடை சுவான்ஜோவையும் பார்த்து வருவது என்று முடிவாயிற்று. பெரியம்மா, பேத்தி, நான்: மூன்று பேரும் கிளம்பினோம்.

கோயமுத்தூரிலிருந்து சிங்கப்பூருக்கு விமானம் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஷியாமென் என்ற தீவு நகரம் போய், அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணியில் சுவான்ஜோ. சோழர் காலத்து வணிகர்களுக்கு மாதக் கணக்கில் ஆன பிரயாணத்தை நாங்கள் இரண்டு தூக்கத்தில் முடித்துவிட்டோம்.

பெயர் வந்த கதை

சுவான்ஜோவுக்கு அந்தக் காலத்து அரபு வியாபாரிகள் வைத்த பெயர் ஸைத்தூன். மார்க்கோ போலோவும் அதே பெயரைத்தான் சொல்லுகிறார். இந்தப் பெயர் ஒரு மரத்திலிருந்து வந்தது. 10-ஆம் நூற்றாண்டில் நகரத்து மதிலை விரிவாக்கியபோது சுற்றிலும் ஒரு மரத்தை வரிசையாக நட்டார்கள். உடம்பெல்லாம் முள், கிளி மூக்குப் போல வளைந்த சிவப்புப் பூ. சீன மொழியில் அந்த மரத்துக்குச் "சிதோங்" என்று பெயர். ஊருக்கும் அதுவே பட்டப் பெயராயிற்று. அதுதான் அரபு நாவில் ஸைத்தூன் ஆனது.

ஊருக்குள் போனதும் ஒரு பூங்காவில் அந்த மரத்தைக் கண்டோம். பெரியம்மா கிட்டப் போய் இலையைத் திருப்பிப் பார்த்தார். மூன்று மூன்றாக இலை.

"அட, இது நம்ம கல்யாண முருங்கையில்ல!"

ஆம், சகோதரிகளே! முள்முருங்கை என்றும் கல்யாண முருங்கை என்றும் நாம் சொல்லுகிற அதே மரம். சளி பிடித்தால் அரிசியோடு இலையை அரைத்து அடை தட்டிக் கொடுப்போமே, அது. கல்யாணப் பந்தக்காலில் கிளையைக் கட்டுவோமே, அது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மலையாளக் கரைத் தோட்டங்களில் மிளகுக் கொடியைப் படர விடுவது இந்த முள்முருங்கையின் மேல்தான். முள்முருங்கையில் பழுத்த மிளகு, முள்முருங்கைப் பட்டினத்துக்குக் கப்பல் ஏறிற்று! மேற்கே அலெக்ஸாண்ட்ரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் ஸைத்தூனுக்கு நூறு கப்பல் போகிறது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மனிதர் கொஞ்சம் தாராளமாகப் பேசுகிறவர்தான். ஆனாலும் 1974-இல் அந்தத் துறைமுகத்துச் சேற்றிலிருந்து 13-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தபோது, வாசனைக் கட்டைகளோடு மிளகும் அதில் இருந்தது. பதின்மூன்று அறைகளாகத் தடுத்துக் கட்டிய கப்பல் அது. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்ற அறைகள் தப்பிக்கும்.

நம் வீட்டுப் பெட்டியிலும் அந்த ஊரின் பெயர் இருக்கிறது. ரவிக்கைத் துணியில் "சாட்டின்" என்று ஒரு வகை உண்டல்லவா? ஸைத்தூன் பட்டு என்பதுதான் திரிந்து சாட்டின் ஆயிற்று என்று அகராதிக்காரர்கள் பலர் சொல்லுகிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் அங்கே போன மொராக்கோ நாட்டு யாத்ரிகர் இப்ன் பதூதா, அந்த ஊர்ப் பட்டுக்கு ஊர்ப் பெயரே வழங்கியதைக் குறித்து வைத்திருக்கிறார்.

காற்று கொண்டுபோன கப்பல்கள்

ஆனி ஆடியில் போத்தனூர்ப் பக்கம் வீசும் காற்றைப் பற்றி அங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து, கொடியில் காயும் துணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்தத் தென்மேற்குக் காற்றுத்தான் வங்கக் கடலைக் கடந்து, மலாக்கா ஜலசந்திக்கு அப்பால் சீனக் கடலிலும் வீசுகிறது. பாய் விரித்த கப்பல்கள் இந்தக் காற்றில் சீனாவுக்குப் போயின. மார்கழி, தையில் வடகிழக்குக் காற்று கிளம்பும்; அதில் திரும்பி வந்தன. சுவான்ஜோவுக்கு வெளியே ஜியூரி என்ற குன்றில், நல்ல காற்று வரவேண்டும் என்று அதிகாரிகள் கூடிப் பிரார்த்தனை செய்த செய்திகளைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். காற்றுக்கு மனுக் கொடுத்த சர்க்கார் அது!

காற்று மாறும் வரையில் வியாபாரி காத்திருக்க வேண்டும். ஒரு பருவம் காத்திருந்தவர் இரண்டு பருவம் இருப்பார். பிறகு வீடு எடுப்பார். அந்நியர் குடியிருப்பு உண்டாவது இப்படித்தான். 1087-இல் சுவான்ஜோவில் கடல் வாணிபக் காரியாலயம் ஒன்று திறந்தார்கள். வருகிற சரக்கைப் பார்த்து வரி வாங்குவது அதன் வேலை. அந்த உத்தியோகத்தில் இருந்த ஜாவ் ருகுவா என்பவர், வருகிற போகிற மாலுமிகளை விசாரித்து 1225-இல் அயல் நாடுகளைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார். சோழ நாட்டைப் பற்றியும் அதில் இருக்கிறது.

நம்மவர் போக்குவரத்தும் சாதாரணமானதல்ல. சோழ மன்னர்கள் 1015, 1033, 1077 ஆகிய வருஷங்களில் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பினார்கள். கடைசித் தூதில் மட்டும் 72 பேர் போனார்கள். ஐந்நூற்றுவர் என்ற பெரிய வணிகக் குழுவின் கல்வெட்டுகள் கொங்கு நாட்டிலும் உண்டு. சுமத்ரா தீவில் பாரூஸ் என்ற இடத்தில் 1088-ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டாகவும் உண்டு. அந்த வழியில் இன்னும் கிழக்கே போனால் சுவான்ஜோ.

தூணில் கண்ணன்

சுவான்ஜோவின் நடுவே கைய்யுவான் என்ற புத்தர் கோயில் இருக்கிறது. 686-இல் ஏற்பட்டது. அந்த இடம் முதலில் மல்பெரித் தோட்டமாக இருந்ததாம். ஒரு துறவி வந்து கோயிலுக்கு இடம் கேட்டபோது, "என் மல்பெரி மரத்தில் தாமரை பூக்கட்டும், தருகிறேன்" என்று தோட்டக்காரர் சொன்னாராம். பூத்துவிட்டது! கொடுத்துவிட்டார். அந்த மரம் இதுதான் என்று ஒரு கிழட்டு மல்பெரியை இன்றும் காட்டுகிறார்கள். கோயிலுக்கு இரு பக்கமும் 13-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய இரண்டு கற்கோபுரங்கள். மேற்குக் கோபுரத்தில் வாளேந்திய குரங்கு வீரன் ஒருவன் நிற்கிறான். நம் அநுமார் ஞாபகம் வராமல் போகாது.

பெரிய மண்டபத்தின் முன்னால் ஊதுவத்திப் புகையும் கூட்டமும் நெரிகிறது. மண்டபத்து மேடையின் அடிவரிசையைக் குனிந்து பார்த்தால் சிங்க உடலும் மனித முகமுமாக எழுபதுக்கு மேற்பட்ட சிற்பப் பலகைகள். மண்டபத்தைச் சுற்றிப் பின்புறம் போனோம். அங்கே கூட்டம் இல்லை. பதினாறு பட்டை தீட்டிய கருநிறக் கல்தூண்கள் இரண்டு நிற்கின்றன. தூண் நெடுகிலும் வட்ட வட்டமான சட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு சிற்பம்.

நான் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடிக் கொண்டிருந்தேன். பெரியம்மா மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு தூணருகே போனார்.

"இதென்ன, உரலைக் கட்டி இழுத்துட்டுப் போறான்? ரண்டு பக்கமும் மரம். நம்ம கிருஷ்ணனேதான்!"

பேத்தி ஓடி வந்தாள். "யாரு அப்பத்தா? எதுக்கு உரலை இழுக்கிறாரு?"

"வெண்ணெ திருடுனான்னு அவங்கம்மா உரல்ல கட்டிப் போட்டுட்டா அம்மிணி. இவன் சும்மா இருப்பானா? உரலோட தவழ்ந்து ரண்டு மருத மரத்துக்கு நடுவால போனான். உரல் மாட்டிக்கிச்சு. ஒரு இழுப்பு இழுத்தான், மரம் ரண்டும் சாஞ்சு போச்சு. சாபத்துல மரமா நின்ன ரண்டு பேரு எந்திரிச்சு வந்து கும்பிட்டாங்க."

அடுத்த வட்டத்துக்குப் போனார். யானையின் காலை முதலை பிடித்திருக்கிறது, மேலே பெருமாள். "இது ஆனைக்கு மோட்சம் குடுத்த கதை" என்றார். இன்னொன்றில் மடியில் ஒருவனைக் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர். எதற்கும் என் புத்தகம் தேவைப்படவில்லை.

ஒரு சீனக் குடும்பம் எங்களைப் பார்த்து நின்றுவிட்டது. பெரியம்மா புடைவையும் பொட்டுமாகத் தூணைக் காட்டிக் கதை சொல்லுகிறார்; சிறுமி வாய் பிளந்து கேட்கிறாள். அவர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திராது. ஆனால் இது இந்தத் தூணுக்கு உரியவர்கள் பேசுகிற பேச்சு என்பது புரிந்திருக்க வேண்டும். நாங்கள் நகரும் வரையில் அவர்கள் படம் எடுக்க முன்னால் வரவில்லை.

இந்தத் தூண்கள் இந்தக் கோயிலுக்குச் செய்தவை அல்ல. தமிழர் கட்டிய கோயிலின் கற்கள் இவை என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கோயில் அழிந்த பிறகு, மிங் அரசர்கள் காலத்தில் புத்தர் கோயிலைப் பழுது பார்த்தவர்கள் இவற்றைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். இப்படி நகரத்தில் அங்கங்கே கிடைத்த இந்துக் கோயில் கற்கள் மட்டும் முந்நூறுக்கு மேல். நின்ற கோலத் திருமால் ஒருவர் 1934-இல் மண்ணிலிருந்து வெளிவந்தார். லிங்கத்துக்கு யானை பூச்சாத்தும் சிற்பம் ஒன்றும் உண்டு. திருவானைக்கா ஸ்தல புராணம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்தவுடன் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

சித்திரை மாதத்துச் சாசனம்

கோயில் கட்டியது யார்? அதற்கும் கல்லே சாட்சி. 1956-இல் சுவான்ஜோவில் ஒரு கல்வெட்டு அகப்பட்டது. ஆறு வரி தமிழ். கடைசியில் ஒரு வரி சீனம். சக வருஷம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று தேதி போட்டிருக்கிறது. அதாவது 1281 ஏப்ரல். சம்பந்தப் பெருமாள் என்பவர், செகசை கான் என்னும் மன்னர் தந்த அநுமதிப் பத்திரத்தின்படி, அந்த மன்னர் உடல்நலத்துடன் இருக்கவேண்டி, ஈசுவரரைப் பிரதிஷ்டை செய்தார் என்பது விஷயம். செகசை கான் என்பது மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானின் பட்டப் பெயர். சுவாமியின் பெயரை முதலில் திருக்கதலீசுவரம் என்று படித்தவர்கள் உண்டு. பின்னால் நன்றாகப் பார்த்த அறிஞர்கள் திருக்கானீசுவரம் என்று படித்தார்கள். கான் பெயரால் ஓர் ஈசுவரம்!

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தமிழ் நாட்டில் சோழ வமிசம் அப்பொழுதுதான், 1279 வாக்கில், முடிந்து போயிருந்தது. மதுரையில் பாண்டியர் கொடி பறந்தது. சீனாவிலோ ஸொங் வமிசம் அதே 1279-இல்தான் மங்கோலியரிடம் விழுந்தது. இரண்டு தேசத்திலும் அரசுகள் மாறின. நடுவிலே வியாபாரம் செய்து பிழைக்க வந்த சில குடும்பங்கள் இருந்தன. புது ராஜாவிடம் அநுமதி வாங்கி, புது ராஜாவின் நலத்துக்காகச் சுவாமியை வேண்டிக் கொண்டன. பிழைக்கப் போன ஊரை நம் ஊராக நினைப்பதற்கு இதைவிட வேறு வழி என்ன இருக்கிறது?

இதற்கு எதிரொலி போல நம் நாகப்பட்டினத்தில் ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. சீனக் கோபுரம் என்றே அதற்குப் பெயர். 1267-இல் கட்டி முடித்ததாக அதில் சீன எழுத்தில் பொறித்திருந்தது என்று, சுவான்ஜோவிலிருந்து கப்பல் ஏறி வந்த வாங் தயுவான் என்ற யாத்ரிகர் 14-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அங்கே நம் கோயில், இங்கே அவர்கள் கோபுரம்! அந்தக் கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள்.

அங்கே நம் கோயிலுக்கு ஆயுள் அதைவிடக் குறைவு. 1357-இல் சுவான்ஜோவில் பாரசீகப் படையினர் கலகம் செய்தார்கள். கலகம் 1366 வரையில் நீண்டது. கலகம் அடங்கியபோது அந்நியர் மேல் ஊராரின் கோபம் திரும்பிற்று. கோயில் அழிந்தது இந்தக் குழப்பத்தில்தான் இருக்கவேண்டும் என்று சொல்லுகிறார்கள். 1371-இல் மிங் அரசு தனியார் கடல் வாணிபத்துக்கே தடை போட்டது. துறைமுகமும் மண் மூடிக் கொண்டே வந்தது. கப்பல்கள் வேறு ஊர் தேடிப் போயின.

இதையெல்லாம் ராத்திரி ஓட்டலில் உட்கார்ந்து பெரியம்மாவுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அந்தச் சனங்களோட பேரன் பேத்தியெல்லாம் என்ன ஆனாங்க கண்ணு?"

சிலர் கப்பலேறித் திரும்பியிருக்கலாம். இருந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டி, அந்த ஊர்ச் சோறு தின்று, அந்த ஊராராகவே கலந்து போயிருப்பார்கள். சுவான்ஜோவில் அவர்கள் வழியாக வந்த தமிழ் பேசும் குடும்பம் ஒன்றுகூட இன்று கிடையாது. கல்லில் வெட்டிய தமிழ் நின்றது. வீட்டில் பேசிய தமிழ் நிற்கவில்லை.

போத்தனூர்க்காரர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. 1862-இல் எங்கள் ஊருக்கு ரயில் வந்தது. கோயமுத்தூருக்கே அப்பொழுது ரயில் கிடையாது. ரயிலோடு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வந்தன. ரயில்வே காலனியில் ஓட்டு வீடு, வாசலில் ரோஜாத் தொட்டி, கிறிஸ்துமஸ் நடனம் என்று ஒரு தனி உலகமாக வாழ்ந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பெரும்பாலோர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட்டார்கள். வீடுகள் நின்றன, வீட்டுக்குள் பேச்சு மாறிவிட்டது. இப்பொழுது நம் பிள்ளைகள் போகிறார்கள். கொங்கு நாட்டில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இல்லாத தெரு எது?

பெரியம்மா அந்தப் பேச்சை அதற்கு மேல் வளர்க்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்கிக் கொண்டிருந்த பேத்தியின் போர்வையை இழுத்து விட்டார்.

பூச்சூடும் பெண்கள்

மறுநாள் கடலோரமாகப் போனோம். ஷுன்பூ என்று ஒரு மீனவர் கிராமம். சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய சுவர்கள் வெயிலில் மீன் செதில் போல மின்னுகின்றன. அந்த ஓடுகள் இந்தக் கடலில் கிடைப்பவையல்ல. சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய பழைய கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றி வந்தவை என்று ஊரில் சொல்லுகிறார்கள். ஆனால் பெண்கள் கூட்டம் அங்கே போவது சுவரைப் பார்க்க அல்ல. அந்த ஊர்ப் பெண்கள் தலையை வாரிப் பின்னால் கொண்டை போட்டு, நடுவிலே ஒரு குச்சியைச் செருகி, கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூச்சரம் சுற்றிக் கொள்ளுகிறார்கள். மீன் கூடை தூக்குகிற பாட்டிகூடத் தலையில் பூ இல்லாமல் வெளியே வருவதில்லை. இப்பொழுது சீனாவெங்கும் இது பிரபலமாகி, வெளியூர்ப் பெண்கள் ஆயிரக் கணக்கில் வந்து காசு கொடுத்துக் கொண்டை போட்டுப் படம் பிடித்துக் கொள்ளுகிறார்கள்.

பேத்திக்கும் ஆசை. ஓர் அம்மாள் அவளை முக்காலியில் உட்கார்த்திக் கொண்டை போட ஆரம்பித்தார். சரம் வழுக்கிற்று. பெரியம்மா பார்த்துக் கொண்டே இருந்தார்; பொறுக்கவில்லை. கையை நீட்டி ஊசியை வாங்கி இரண்டு இடத்தில் செருகினார். அந்த அம்மாள் தலையை ஆட்டிச் சிரித்தார். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கமாகப் பூ வைத்து முடித்தார்கள். பாஷை தெரியவேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

ஊரைப் பற்றி மற்ற விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் யுனெஸ்கோ இந்த நகரத்தின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கைய்யுவான் கோயில் அதில் ஒன்று. 1009-இல் கட்டிய மசூதி ஒன்று. கடல் மாதாவான மாஜுவுக்கு 1196-இல் எழுப்பிய கோயில் ஒன்று. புருஷர்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டு வீட்டிலிருந்த பெண்கள் வேண்டிக்கொண்ட தெய்வம் அது. லோயாங் பாலம் என்று ஒரு கற்பாலம், 1059-இல் முடிந்தது. அலை அடித்துக் கற்கள் கழன்று போகாமல் இருக்க, தூண்களில் சிப்பிகளை வளர்த்து ஒட்ட வைத்தார்கள். சிமெண்டு இல்லாத காலத்துக் கெட்டிக்காரத்தனம்!

இன்றைய சுவான்ஜோ கொங்கு நாட்டாருக்குப் பழகிய ஊர் போலவே இருக்கும். ஆடை, காலணி, கல்வேலை, பீங்கான் என்று எங்கு பார்த்தாலும் தொழிற்சாலை. திருப்பூரையும் கோவையையும் சேர்த்துக் கடற்கரையில் வைத்தது போல. சுற்று வட்டாரமெல்லாம் சேர்ந்து 2020 கணக்கெடுப்பில் சுமார் 88 லட்சம் பேர். சாப்பாட்டில் சிப்பி முட்டை அடையும் வாத்துக் கறியும் பிரசித்தம். சைவக்காரர்களுக்குப் புத்தர் கோயில்களை ஒட்டிய சைவச் சாப்பாட்டுக் கடைகள்தான் கதி, நன்றாகவே இருக்கிறது. தேயிலை மட்டும் யாரும் விடாமல் குடிக்க வேண்டும். பக்கத்து மலைநாடான ஆன்ஷியில் விளைகிற இலை. பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. குருவி குடிக்கிற கிண்ணம். "இதுல தொண்டை கூட நனையாது" என்று பெரியம்மா சொல்லிக் கொண்டே பன்னிரண்டு கிண்ணம் குடித்தார்.

யார் அந்த அம்மன்?

கடைசியாக, நகரத்துக்குத் தெற்கே சிதியன் என்ற ஊருக்குப் போனோம். கிராமத்து நடுவே சின்ன மண்டபம். உள்ளே நாலு கைகளோடு ஒரு கல் உருவம் அமர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஏவலர். காலடியில் ஓர் அசுரன். ஊரார் அதைக் கருணைத் தெய்வமான குவான்யின் என்று கும்பிடுகிறார்கள். பழைய இந்துக் கோயிலிலிருந்து வந்த உருவம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். சிவன் என்பாரும் உண்டு. அம்மன் என்பாரும் உண்டு. செதுக்கியவர்கள் வைத்த பெயர் மறைந்துவிட்டது. ஊர்க்காரர்கள் கொடுத்த பெயரோடு அந்தத் தெய்வம் பழமும் ஊதுவத்தியும் வாங்கிக் கொண்டிருக்கிறது.

ஒரு வயதான பெண்மணி ஊதுவத்தி ஏற்றிவிட்டு, மீதியிருந்த மூன்றைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பெரியம்மா வாங்கி ஏற்றினார். கண்ணை மூடி நின்றார். வெளியே வந்ததும் பேத்தி விடவில்லை.

"அது சிவனா, அம்மனா, குவான்யினா, அப்பத்தா?"

"சாமி" என்றார் பெரியம்மா. பிறகு, "அவங்க இல்லைன்னா அதுக்கு இன்னிக்கு வெளக்கு ஏது?" என்றார்.

பெரியம்மா சொன்னது சரிதான். புத்தர் கோயில்காரர்கள் அந்தத் தூண்களை உடைத்துச் சாலை போட்டிருக்கலாம், போடவில்லை. சிதியன் ஊரார் அந்த உருவத்தை வாய்க்கால் படியாக்கியிருக்கலாம், ஆக்கவில்லை. நம்மவர் விட்டுப்போனதை அவர்கள் காப்பாற்றினார்கள். ஆனால் உரலை இழுத்த பிள்ளை யார் என்பதை அவர்களால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். அதுவும் யாராவது கேட்கிற வயதில் இருக்கும்போதே.

சுவான்ஜோ ஸ்டேஷனில் வண்டி ஏறி உட்கார்ந்ததும் பேத்திக்குத் தூணில் பார்த்த நரசிம்மர் ஞாபகம் வந்துவிட்டது. "வயித்தைக் கிழிச்சாரே, அவரு யாரு?" என்று ஆரம்பித்தாள். பெரியம்மா இரணியன் தவம் செய்ததிலிருந்து சாவகாசமாகத் தொடங்கினார். பிரகலாதனை மலையிலிருந்து உருட்டியாயிற்று, யானையை ஏவியாயிற்று, விஷம் கொடுத்தாயிற்று. அதிவேக ரயிலுக்கு இந்த அவகாசமெல்லாம் கிடையாது. இரணியன் தூணை உதைப்பதற்குள் ஷியாமென் வந்துவிட்டது. மீதிக் கதையை விமானத்தில் சொன்னார்.